மீரான் பாய் காதில் அடித்த பேண்டு

மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கும் உங்களிடம் ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்டிய அலமாரிக்குள் சிவப்புச் சீட்டு ஒட்டி வைத்திருந்த எந்த மருந்தும் என்னை ஒரு நாளும் கவிழ்த்ததில்லை. சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எடுப்பேன். என்னைக் கவிழ்த்தது, குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி யோசிக்காமல் எடுத்துக் கொடுத்த ஆஸ்பிரின்.

அறுபதுகளின் நடுவில் தாராவியில் ஆஸ்பிரின் இல்லாத வீடு கிடையாது. தலைவலிக்கு அது, காய்ச்சலுக்கு அது, முட்டி வீங்கினால் அது. வாதக் காய்ச்சல் வந்து மூட்டு மூட்டாக வீங்கிக் கிடந்த பிள்ளைகளுக்கு டாக்டர் எண்ணி எண்ணிக் கொடுத்ததும் அதுதான். சில நாளில் அந்தப் பிள்ளைகள் எழுந்து ஓடுவதைப் பார்த்து நானே கை தட்டியிருக்கிறேன். தோல் பட்டறை ஆள் ஒருவர் சொத்தைப் பல்லுக்குள் மாத்திரையை அப்படியே அடக்கி வைத்துக்கொண்டு, ஈறு வெந்துபோய் வந்து நின்றார். கோலாவில் இரண்டு மாத்திரை போட்டுக் குடித்தால் போதை ஏறும் என்று மாட்டுங்காவின் காலேஜ் பையன்கள் சத்தியம் செய்தார்கள். மதுவிலக்குக் காலம் அல்லவா, எதைக் குடித்தால் ஏறும் என்பதுதான் ஊருக்கெல்லாம் ஆராய்ச்சி. நானும் என் சித்தி மகளும் வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் அதையும் குடித்துப் பார்த்தோம். ஏப்பம்தான் வந்தது. நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், வயிறுதான் பாழாகும்.

மழைக்காலத்தில் இன்னொரு வேடிக்கை. பம்பாய் ஈரத்தில் மாத்திரை உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசனை குப்பென்று அடிக்கும். அதனால் ஜூன் பிறந்துவிட்டால் ஒவ்வொரு டப்பாவையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். அதைப் பார்த்த ஜனங்கள், "கம்பவுண்டரம்மா மோந்து பாத்தே சீக்கு என்னன்னு சொல்லிருவாஹ" என்று கதை கட்டிவிட்டார்கள். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அந்தக் கதை பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மாட்டுங்காவிலிருந்து குடையும் டிபன் டப்பாவுமாகத் தாராவிக்கு நடந்து போய், டாக்டரின் அறையை ஒட்டிய மரச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால், எனக்கு நானே ஒரு ராணி.

அந்தச் சன்னலுக்கு ஒரு திங்கட்கிழமை மீரான் பாய் வந்தார். தாராவியில் தோல் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தவர், தென்காசிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது. பேச்சு மிகக் குறைவு. ஒரு வார்த்தையில் முடியும் விஷயத்துக்கு அரை வார்த்தைதான் செலவழிப்பார். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. டாக்டர் வலிக்குக் குடிக்கும் சாலிசிலேட் மிக்ஸர் எழுதிக் கொடுத்தார். நான் கலந்து, அவர் கொண்டு வந்த புட்டியில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் பல்லுப் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பக்கவாட்டில் ஒட்டினேன்.

"வேளைக்கு ஒரு கோடு. தினம் மூணு வேளை. சரியா?" என்றேன்.

"ஞாயித்துக்கிளம நிக்கணும்" என்றார்.

"எங்கே நிக்கணும்?"

"வாசல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை அவர் மனைவி பாத்துமுத்து வந்தார். அவர் கணவருக்கு நேர் எதிர். சன்னலுக்கு வருவதற்கு முன்பே பேச்சு வந்து சேர்ந்துவிடும். ஞாயிறு அன்று மகள் சபியாவைப் பார்க்கக் கல்யாண் என்கிற ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். மாப்பிள்ளை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராம். சம்பந்தியை வாசலில் நின்று வரவேற்க வேண்டும், உட்கார்ந்தபடி வரவேற்றால் மரியாதை இல்லை என்று மீரான் பாய் பிடிவாதமாம். எல்லாம் சொல்லி முடித்து, "தலவலிப் பொட்டலம் ஒரு பத்து குடுங்கம்மா" என்றார். சிரித்துக்கொண்டே கொடுத்தேன். யாருக்கு என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சபியா வந்தாள். பத்தொன்பது வயது, கன்னத்தில் குழி. வின்டர்கிரீன் தைலம், பெரிய புட்டியாகக் கேட்டாள். "மாப்பிள்ளை எப்படி?" என்று கேலி செய்தேன். அவள் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு ஓடிப்போனாள். தைலம் எதற்கு என்று கேட்கவில்லை.

மூன்று நாள், மூன்று பேர், ஒரே சன்னல், ஒரே வீடு. நான் கல்யாணக் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்த மழை விடவே இல்லை. டாக்டர் பதினொரு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது பாத்துமுத்து முழங்கால் தண்ணீரில் சளப் சளப்பென்று ஓடி வந்தார்.

"கம்பவுண்டரம்மா, ஜல்தி வாங்க! சபியா வாப்பா சிரிக்கிறாஹம்மா!"

"சிரிச்சா நல்லதுதானே?"

"கலியாணம் கட்டி இருவத்திரண்டு வருசமாச்சு, அவுஹ சிரிச்சு நா பாத்ததே இல்லம்மா! காதுல பேண்டு அடிக்கிதுங்கிறாஹ. வேர்த்து ஊத்துது. காலையில ரெண்டு வாட்டி வாந்தி. சம்பந்தக்காரவுஹ குடிச்சிருக்காருன்னு எந்திரிச்சு நிக்காஹ!"

டாக்டர் வீட்டுக்கு ஆள் அனுப்பினால் இந்தத் தண்ணீரில் போய் வர இரண்டு மணி நேரம் ஆகும். போவதா வேண்டாமா என்று யோசிக்கக்கூட இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

மீரான் பாய் வீடு பட்டறைக்கு மேலே ஒரே அறை. உள்ளே நுழைந்தபோது நான் கண்ட காட்சியை இன்று நினைத்தாலும் வயிறு குலுங்குகிறது. அரை வார்த்தை மீரான் பாய், பாயின் நடுவே சப்பணம் போட்டு உட்கார்ந்து, முகம் சிவந்து, வேர்வை வழிய, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே சம்பந்தி, கட்டுமஸ்தான மனிதர், கையில் குடையைத் தடி மாதிரிப் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை காஜா, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள் தடுப்புத் துணிக்குப் பின்னால் சபியாவின் விசும்பல்.

"கலியாணத்த எங்க ஊர்ல, கல்யாண்ல வச்சிக்கலாமான்னு கேட்டேன்" என்று சம்பந்தி என்னிடம் முறையிட்டார். "ரொம்பச் சந்தோசம்னாரு. பொண்ணுக்கு என்னெல்லாம் சமைக்கத் தெரியும்னு கேட்டேன். அதுக்கும் ரொம்பச் சந்தோசம்ங்கிறாரு. உங்களுக்கு மேலுக்குச் சொகமில்லியான்னு கேட்டேன். அதுக்கும் ரொம்பச் சந்தோசம்! இந்த வாடைய மோந்து பாருங்க, என்ன சரக்கோ! குடிகாரன் வீட்டுல நாங்க பொண்ணு எடுக்கிறதா? ரயில் மட்டும் ஓடியிருந்தா இந்நேரம் போயிருப்பேன்."

தண்டவாளத்தில் தண்ணீர். கோபித்துக்கொண்டு போகவும் வழியில்லாமல் கோபித்துக்கொண்டு நின்றார் பாவம்.

நான் மீரான் பாய் அருகில் உட்கார்ந்தேன். சாராய வாசனை இல்லை. இருந்தது வின்டர்கிரீன், உடம்பெல்லாம் தைலத்தில் குளித்த மாதிரி. மூச்சு வேகவேகமாக, ஓடி வந்தவர் போல இரைத்தது. காதருகே போய், "பாய், நான் பேசறது கேக்கறதா?" என்று கத்தினேன்.

"பேண்டு கிட்ட வந்திருச்சும்மா!" என்றார் ஆனந்தமாக. "முன்னாடி போறவன் நல்லா ஊதுதான்!"

காதில் மணி, காது மந்தம், வேர்வை, வாந்தி, வேக மூச்சு. பாடத்தில் ஒரே வரியில் படித்தது கண்ணெதிரே உட்கார்ந்து தாளம் போட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு பாத்துமுத்து பக்கம் திரும்பினேன்.

"பாத்தும்மா, இவர் சாப்பிட்டது, தடவிண்டது எல்லாத்தையும் கொண்டு வாங்கோ. ஒண்ணு விடாம."

நான்கு பொருள் வந்தன. நான் கலந்த மிக்ஸர்; பத்து நாளுக்கானது, முந்தின நாளே காலி. முட்டி சீக்கிரம் குணமாகட்டும் என்று வேளைக்கு இரண்டு கோடு குடித்திருக்கிறார். இரண்டாவது, தலைவலிப் பொட்டலம். பத்தில் இரண்டுதான் மிச்சம். மூன்றாவது, தைலப் புட்டி. இரண்டு நாளாக இடுப்பிலிருந்து பாதம் வரை தேய்த்து, மேலே கம்பளித் துணி சுற்றியிருந்தார்கள். நான்காவது, பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கிய வெள்ளை மாத்திரை. அன்று காலையில் மட்டும் ஆறு.

நாலு பெயர், நாலு நிறம், நாலு வாசனை. ஆனால் எல்லாம் ஆஸ்பிரினும் அதன் அக்கா தங்கைகளும். ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து மீரான் பாயை முட்டி வலியில்லாத மனிதராக்கி, காதில் பேண்டையும் அனுப்பிவிட்டிருந்தன. நாலில் மூன்று என் கையால் போனவை.

அந்த இடத்தில் எனக்குள் ஓடியதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். "இவருக்கு ஏதோ ஜுரம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டு நான் நழுவியிருக்கலாம். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். என் வேலை பிழைக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் எதற்கு வைத்தியம் செய்வார்கள்? இந்த வீட்டில் அந்தப் பெண்ணின் நிலைமை என்ன ஆகும்? குடிகாரன் மகள் என்ற பேச்சு ரயில் ஓடுவதற்கு முன்பே கல்யாணுக்குப் போய்விடும்.

எழுந்து நின்றேன்.

"இவர் குடிக்கலை. குடிச்சதெல்லாம் நான் கலந்து கொடுத்த மருந்து. இந்த நாலுலேயும் இருக்கிறது ஒரே சரக்கு. வேற என்ன சாப்பிடறேள்னு நான் கேட்டிருக்கணும், கேக்கலை. தப்பு என்னோடது. இப்ப உடனே இவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். தாமதிச்சா உயிருக்கு ஆபத்து."

தைலப் புட்டியைச் சம்பந்தியிடம் நீட்டினேன். "நீங்க சொன்ன சரக்கு வாசனை இதுதானான்னு பாருங்கோ."

அவர் மோந்தார். அடுக்கடுக்காக மூன்று தும்மல். பிறகு முகத்தில் ஒரு சந்தேகம் பரவியது. மெதுவாகச் சட்டைப் பையில் கையை விட்டு, அதே தலைவலிப் பொட்டலம் ஒன்றை வெளியே எடுத்தார்.

"அப்ப இதுவுமாம்மா?"

"இதுவும்தான். இன்னிக்கு எத்தனை?"

"ரயில்ல வரும்போது ஒண்ணு" என்றார், ஸ்கூல் பிள்ளை போல.

"ஒண்ணோட நிறுத்திக்கோங்கோ."

காஜா கூரையிலிருந்து கண்ணை இறக்கினான். கிளம்புவதற்காக மாட்டியிருந்த செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தான். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினான். மீரான் பாய்க்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்து, "ஏறுங்க மாமா" என்றான்.

இன்னும் எதுவும் பேசி முடிக்கவில்லை. தாம்பூலம் கிடையாது, சம்மதம் கிடையாது, மாமா! தடுப்புத் துணிக்குப் பின்னால் விசும்பல் நின்று, களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. காஜாவின் காது மடல்கள் சிவந்ததை நான் பார்த்தேன். சம்பந்தி குடையை விரித்தார்.

அந்த ஊர்வலத்தைத் தாராவி நெடுநாள் பேசியது. முன்னால் பாத்துமுத்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு. நடுவில் மாப்பிள்ளை முதுகில் மாமனார். பின்னால் எம்பி எம்பிக் குடை பிடிக்கும் சம்பந்தி. பக்கத்தில் நான், இடுப்பில் நாலு மருந்தையும் துணியில் கட்டிச் செருகியபடி. மீரான் பாயோ இரண்டு பக்கமும் பார்த்துக் கையசைத்தார்.

"எம் மவ கலியாணம்! எல்லாரும் வந்திருங்க!"

சன்னல்களிலிருந்து ஜனங்கள் கையசைத்தார்கள். ஒரு வீட்டிலிருந்து, "பாய், முபாரக் ஹோ!" என்று வாழ்த்து வந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்வதா கூடச் சேர்ந்து சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டே நடந்தேன்.

பெரிய ரோட்டில் டாக்ஸி எல்லாம் நின்றுபோயிருந்தன. மூட்டை ஏற்றும் தள்ளுவண்டி ஒன்று கிடைத்தது. மீரான் பாயை அதில் படுக்க வைத்துக் காஜாவும் சம்பந்தியும் தள்ளினார்கள். பாதி வழியில் அவர் கையசைப்பது நின்றது. கண் சொருகியது. பாத்துமுத்துவின் பேச்சும் நின்றது. அந்தப் பெண்மணி பேசாமல் நடந்ததுதான் அன்று என்னை மிகவும் பயமுறுத்திய விஷயம். "தள்ளுங்கோ, நிறுத்தாதேங்கோ!" என்று நான் கத்தினேன். தகப்பனும் மகனும் அந்தத் தண்ணீரில் வண்டியோடு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார்: "இவருக்கு என்ன?" நான் துணியை அவிழ்த்து நாலையும் மேஜையில் வைத்தேன். எது எவ்வளவு, எப்போதிலிருந்து, கடைசியாக எப்போது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசி கம்பளித் துணிவரை சொன்னேன். அவர் உடனே நர்ஸைக் கூப்பிட்டு வயிற்றைக் கழுவ ஏற்பாடு செய்தார், நரம்பில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார், ஒரு வார்டு ஆயாவை அழைத்து உடம்பிலிருந்த தைலத்தை முழுக்கச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கேள்வி கேட்டு வீணாகும் நேரம் அன்று யாருக்கும் வீணாகவில்லை.

சாயங்காலம் மூச்சு சீரானது. மறுநாள் கண் தெளிவாகத் திறந்தது. அதற்கு மறுநாள் நான் போனபோது மீரான் பாய் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காது கேட்டது. முகம் பழையபடி இறுகியிருந்தது.

"பேண்டு நின்னுட்டு" என்றார், பெரிய நஷ்டம் போல.

கல்யாணத்தைக் கல்யாணில் வைக்க அன்று அவரே சம்மதித்துவிட்டதை மனைவி அவரிடம் சொன்னார். தாராவியில்தான் நடத்த வேண்டும் என்று நாலு மாதமாகப் பட்டறை ஆட்களிடமெல்லாம் அரை அரை வார்த்தையாகச் சொல்லி வைத்திருந்த மனிதர். "அவுஹ கேட்டது உங்களுக்குக் காதுல விழல, அதச் சொல்லி மாத்திக்கிடலாம்" என்றார் பாத்துமுத்து. மீரான் பாய் தலையை ஆட்டி மறுத்தார்.

"காதுதான கேக்கல" என்றார். "வாயி என்னுதுதான."

பேண்டு இல்லாத நேரத்தில் அவர் சொல்லி நான் கேட்ட மிக நீண்ட பேச்சு அதுதான். கல்யாணம் கல்யாணிலேயே நடந்தது. நானும் போய்ப் பிரியாணி வாசனைக்கு நடுவே, எனக்கென்று தனியாகப் பண்ணிய கேசரியை இரண்டு தட்டு சாப்பிட்டு வந்தேன்.

என் வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் டாக்டரிடம் திங்கட்கிழமை காலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நானும் அவரிடம் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு கதவைத் திறந்து வெளியே பார்த்தவர், "ஆனால் இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்" என்றார்.

எட்டிப் பார்த்தேன். பாத்துமுத்து இரவோடிரவாகச் சொல்லிவிட்டாரோ, சன்னல்களில் நின்றவர்கள் பரப்பிவிட்டார்களோ, தாராவியில் பாதி வாசலில் நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை, ஒரு டப்பா, ஒரு தகரப் பெட்டி. வீட்டிலிருந்த மருந்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். "எங்க வீட்டுலயும் ஒண்ணு நாலா இருக்கான்னு பாருங்கம்மா!" என் சன்னல் பலகையில் கொட்டக் கொட்டக் குவிந்தது. லேபிள் போன புட்டிகள், ஊரிலிருந்து வந்த லேகியம், நமத்துப்போன மாத்திரை, ஒரு பெரியவர் வயிற்று வலிக்கு என்று நினைத்து வைத்திருந்த பூட் பாலிஷ் டப்பா, ஆட்டுக்கு வாங்கிய தைலம். நானும் சிரித்தேன், அவர்களும் சிரித்தார்கள். டாக்டர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, புட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் ஆகும்போது வரிசையின் கடைசியில் ஒரு தோல் தொழிலாளி நின்றார். அவரிடம் பை இல்லை. கையில் ஒரே ஒரு மாத்திரை அட்டை. அதுவும் ஆஸ்பிரின்தான்.

"என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அப்ப எனக்குப் பிரச்சினை இல்லதானம்மா?" என்று கேட்டுவிட்டு உடனே திரும்பப் போனார்.

நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் வாய் தானாகக் கேட்டது. "நில்லுங்கோ. எதுக்கு சாப்பிடறேள்?"

"வயித்து வலிக்கு."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா. தின்னத் தின்ன வலி கூடுது. இப்ப வெளிக்குப் போனா தார் மாதிரி கறுப்பாப் போகுது."

டாக்டர் கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தார். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிகிறவருக்கு, அந்த மாத்திரை ஒவ்வொன்றும் புண்ணை மேலும் கிளறிக்கொண்டிருந்தது. அவரை உட்கார வைத்து, நாடி பார்த்து, அப்போதே டாக்ஸி பிடித்து அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து நடந்து வந்து, சன்னலில் தலையை நீட்டி, "கம்பவுண்டரம்மா, உயிரோட இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

இப்போது அதே ஆஸ்பிரினை இதய நோயாளிகளுக்குத் துளியளவு கொடுக்கிறீர்கள். காய்ச்சல் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டீர்கள். நான் கற்ற பாதி மாறிவிட்டது, உங்கள் காலத்தில் மீதியும் மாறும். மாறட்டும். சன்னலுக்கு வருகிறவரிடம் எதற்கு என்று கேளுங்கள், வேறு என்ன என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை கையை டப்பாவிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நடுவில் கல்யாணக் கதையும் கேட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. அது இல்லாமல் இத்தனை வருஷம் ஒரு மரச் சன்னலுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள்?